தங்கத் தட்டில் யார் சாப்பிட்டார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 14, 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனை விருந்துகளைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை அல்ல, பாத்திரங்களைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. அந்த விருந்துகளை நேரில் பார்த்து எழுதியவர்களும் குழம்பை விட்டுவிட்டுக் கிண்ணத்தைத்தான் வர்ணிக்கிறார்கள்.

சினிமாவில் காட்டுவதுபோல விருந்தினர் எல்லாருக்கும் தங்கத் தட்டும் வெள்ளித் தட்டும் வைத்தார்களா?
– வாசகர், மன்னார்குடி

இல்லை. பலருக்குத் தட்டே கிடையாது, ரொட்டிதான் தட்டு. தவிடு நீக்காத மாவில் சுட்ட முரட்டு ரொட்டியைப் பழசாக விட்டு, பலகைபோல அறுத்து ஒவ்வொருவர் முன்னும் வைப்பார்கள். இதற்கு ட்ரெஞ்சர் என்று பெயர். இறைச்சித் துண்டு அதன்மேல் விழும், குழம்பை ரொட்டி உறிஞ்சிக்கொள்ளும். ஊறிப்போனால் எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். நமக்கு வாழை இலை மாதிரி, சாப்பாடு முடிந்ததும் தட்டும் முடிந்தது.

இங்கிலாந்தில் க்ளஸ்டர் டியூக் (அரசருக்கு அடுத்த நிலைப் பிரபு) ஹம்ஃப்ரியின் அரண்மனையில் பணியாற்றிய ஜான் ரஸ்ஸல் என்பவர், பந்தி வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக 15-ஆம் நூற்றாண்டில் பாட்டு வடிவில் ஒரு கையேடு எழுதினார். ரொட்டிக்கு அதில் வயதுக் கணக்கு உண்டு. பிரபுவுக்கு அன்று சுட்டது, விருந்தினருக்கு 1 நாள் பழசு, வீட்டு ஆட்களுக்கு 3 நாள் பழசு, ட்ரெஞ்சருக்கு 4 நாள் பழசு. 4 நாள் ஏன் என்றால், புது ரொட்டியை அறுத்தால் உதிரும், குழம்பு பட்டதும் குழைந்துவிடும். ரொட்டி வேலைக்கு மட்டும் 3 கத்தி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பெரிய ரொட்டியை வெட்ட ஒன்று, மேல்தோல் சீவ ஒன்று, ட்ரெஞ்சரை வழவழப்பாக அறுக்க நல்ல கூரான மூன்றாவது ஒன்று.

பரிமாறும் தட்டு மேல்வரிசையில் வெள்ளியாக இருக்கும். அதுவும் தலைக்கு ஒன்று இல்லை. ஒரு தட்டுக்கு 2 பேர், 3 பேர், 4 பேர் என்று அந்தஸ்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். அந்தஸ்து இறங்க இறங்கத் தட்டைச் சுற்றிக் கைகள் கூடும். கீழ்வரிசையில் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவை, மரம், மண். தங்கம் என்பது மேல்மேசையின் நடுவில் உட்கார்ந்திருப்பவரையும் அவர் பக்கத்தில் இருப்பவர்களையும் தாண்டாது.

அப்படியானால் அவ்வளவு தங்கமும் வெள்ளியும் எங்கே இருந்தன?
– வாசகி, காரைக்குடி

சுவரோரமாகவோ கூடத்தின் நடுவிலோ, படிப்படியாக அடுக்கிய மேடையில். பிரெஞ்சில் ட்ரெஸ்வார் அல்லது பூஃபே என்பார்கள். இன்று 'பஃபே சாப்பாடு' என்கிறோமே, அந்தச் சொல்தான். கொலுப்படியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்குப் பதில் கூஜா, கிண்ணம், மூடிக் கோப்பை, தாம்பாளம். ஒவ்வொரு படியிலும் வெள்ளைத் துணி விரித்திருக்கும்.

கொலுவுக்கு ஒற்றைப்படையில் படி வைக்க வேண்டும் என்பது வழக்கம். இங்கே படியின் எண்ணிக்கை வைப்பவரின் பதவியைப் பொறுத்தது. பர்கண்டி (இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பகுதிகளில் டியூக்குகள் ஆண்ட நாடு) அரசவையில் இருந்த எலியனோர் தெ ப்வாத்தியே என்ற சீமாட்டி 1480-களில் அவை மரபுகளைத் தொகுத்து எழுதினார். பிள்ளை பெற்ற சீமாட்டியின் அறையில் வைக்கும் மேடைக்கு அவர் தரும் கணக்கு: அரசிக்கு 5 படி, டியூக்கின் மனைவிக்கு 4, கவுன்ட்டின் மனைவிக்கு 3, கொடி பிடிக்கும் உரிமையுள்ள வீரப்பிரபுவின் மனைவிக்கு 2. 1457-இல் பர்கண்டி இளவரசி மேரி பிறந்தபோது தாயின் அறையில் இருந்தது 4 படி. ஒரு படி கூட்டி வைத்தால் அது அழகுணர்ச்சி அல்ல, பதவி அபகரிப்பு. கையில் காசு இருக்கிறதே என்று வைத்துவிட முடியாது.

மிக விரிவான வர்ணனை கிடைப்பது 1468 ஜூலையில் ப்ரூஜ் நகரில் நடந்த திருமணத்துக்கு. மாப்பிள்ளை பர்கண்டி டியூக் சார்லஸ், பெண் இங்கிலாந்து அரசரின் தங்கை யார்க் மார்கரெட். டியூக்கின் வீட்டு அதிகாரி ஒலிவியே தெ லா மார்ஷ் கூடத்தின் நடுவில் நின்ற பூஃபேயைப் பாகம் பாகமாக எழுதிவைத்திருக்கிறார். அடித்தளம் சாய்சதுர வடிவம். கீழ்ப்பகுதியை வேலிபோல அடைத்து, டியூக்கின் சின்னம் பொறித்த திரைச்சீலை சுற்றியிருந்தது. அதற்கு மேலேதான் படிகள் தொடங்கின. கீழ்ப்படிகளில் பருமனான பாத்திரங்கள், அதாவது தங்க முலாம் பூசிய பெரிய வெள்ளிச் சாமான்கள். மேலே போகப் போகச் சிறியதும் விலை கூடியதும்: தங்கப் பாத்திரம், அதில் கல் பதித்தது. உச்சியில் ரத்தினம் இழைத்த ஒரே ஒரு கோப்பை. நான்கு மூலையிலும் 'ஒற்றைக்கொம்புக் குதிரை'யின் முழுக் கொம்புகள்.

இந்த அடுக்குமுறையில் ஒரு நடைமுறைக் கணக்கும் உண்டு. கனமானது கீழே இருந்தால் மேடை ஆடாது. பார்ப்பவர் கண் தானாக மேலே ஏறும். கல் பதித்த சாமான் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

அடுத்து லா மார்ஷ் சொல்வதுதான் முக்கியம். அந்த மேடையில் இருந்த எதையும் அன்று பரிமாற எடுக்கவில்லை. கூடத்துக்கும் அறைகளுக்கும் வேறு வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும் தனியாக இருந்தன. அதாவது நடுவில் நின்றது பாத்திர அலமாரி அல்ல. டியூக்கின் இருப்புக் கணக்கைப் படியேற்றி வைத்திருந்தார்கள்.

காவலும் அதற்கேற்ப. 1454 பிப்ரவரி 17 அன்று லீல் நகரில் டியூக் சார்லசின் அப்பா ஃபிலிப், துருக்கியர்மீது சிலுவைப்போர் தொடுக்கச் சபதம் எடுக்கும் விருந்து நடத்தினார். பெயர் 'ஃபெசன்ட் விருந்து' (ஃபெசன்ட் ஒரு வேட்டைப் பறவை). அங்கேயும் தங்கம், வெள்ளி, ரத்தினம் கட்டிய படிகக் கூஜாக்கள் நிறைந்த உயர்ந்த பூஃபே. சுற்றி மரத்தடுப்பு. மது பரிமாறுகிறவர்களைத் தவிர யாரும் தடுப்பைத் தாண்டக்கூடாது. (அதே கூடத்தில் 28 இசைக்கலைஞர்கள் உள்ளே உட்கார்ந்து வாசித்த ஒரு பிரம்மாண்டமான 'பை' பணியாரமும், தூணில் கட்டிய உயிருள்ள சிங்கமும் இருந்தன. சிங்கத்துக்குத் தடுப்பு இருந்ததா என்று கேட்டு யாரும் எழுதவில்லையே என்று எங்களுக்கு வருத்தம்.)

அந்தக் கால ஓவியங்களில் மேசைமேல் ஒரு பொம்மைக் கப்பல் இருக்கிறதே, அது என்ன?
– வாசகர், நாகப்பட்டினம்

பெயர் நேஃப். பழைய பிரெஞ்சில் கப்பல் என்றே பொருள். வெள்ளியிலோ தங்கத்திலோ செய்தது. முதல் வேலை இடத்தைக் குறிப்பது: கப்பல் யார் முன் நிற்கிறதோ அவரே தலைவர். அதன் வயிற்றில் அவருடைய கைத்துணி, கத்தி, கரண்டி, உப்பு, நஞ்சுச் சோதனைப் பொருள்கள் இருக்கும்.

1378 ஜனவரி 6 அன்று பாரிஸ் அரண்மனையில் பிரெஞ்சு அரசர் 5-ஆம் சார்லஸ், தன் தாய்மாமனான புனித ரோமானியப் பேரரசர் 4-ஆம் கார்லுக்கும் அவர் மகன் வென்ஸலுக்கும் விருந்து கொடுத்தார். அரசரின் வரலாற்று ஏட்டில் அந்தக் காட்சி ஓவியமாக இருக்கிறது. மேசையில் 3 கப்பல்கள், முடிசூடியவர் ஒவ்வொருவர் முன்னும் ஒன்று. யாருடைய நாற்காலி உயரம் என்று சண்டை வராமல் தீர்க்க இது நல்ல வழி.

லிம்பர்க் சகோதரர்கள் பெர்ரி டியூக் ழானுக்காக 1411–1416-இல் வரைந்த பிரார்த்தனை நூலின் ஜனவரி மாதப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். மேசையின் வலக்கோடியில் தங்கக் கப்பல். அதன் ஒரு முனையில் கரடி, மறுமுனையில் அன்னம், இரண்டும் டியூக்கின் சின்னங்கள். இடப்பக்கம் பாத்திர மேடை. மேசைமேலேயே இரண்டு குட்டிநாய்கள் திரிகின்றன, யாரும் விரட்டவில்லை.

கையில் எடுத்துப் பார்க்கிற அளவுக்கு முழுசாகத் தப்பியவை சற்றுப் பிந்தியவை. நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ள ஷ்லூஸல்ஃபெல்டர் கப்பல் 1503-ஐ ஒட்டியது. உயரம் சுமார் 79 செ.மீ. அரசருடையது அல்ல, ஒரு வணிகக் குடும்பத்தினுடையது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பர்லி கப்பல், பாரிசில் 1527–28-இல் செய்தது. அதன் உடல் உலோகமே அல்ல, நாட்டிலஸ் சங்கு. அந்த உயிர் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்வது. பாய்மரத்தின் அடியில் விரல் நுனி அளவு ஆணும் பெண்ணும் சதுரங்கம் ஆடுகிறார்கள், பழைய காதல் கதையில் வரும் டிரிஸ்டனும் இசோல்டும். உப்பு வைக்கும் குழி கப்பலின் பின்பக்கத்தில்.

உப்புக் கிண்ணத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை? உப்பு அவ்வளவு விலையா?
– வாசகி, திண்டுக்கல்

விலை மட்டுமே காரணமில்லை. உப்பு எல்லாரும் எடுத்தாக வேண்டிய ஒரே பொருள். ஆகவே அது இருக்கும் இடம் மேசையின் மையம் ஆகிவிடுகிறது. ஆங்கிலேயரிடம் உப்புக்கு மேலே, உப்புக்குக் கீழே என்று ஆளைப் பிரிக்கிற பேச்சு இன்றும் இருக்கிறது. பெரிய உப்புக் கிண்ணம் வீட்டிலேயே விலை கூடிய சாமானாக இருப்பதும் உண்டு. ஆக்ஸ்ஃபர்டு ஆல் ஸோல்ஸ் கல்லூரியில் 15-ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரன் ஒருவன் படிகப் பெட்டியைத் தலையில் சுமந்து நிற்கிறான். பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உப்பு, அவ்வளவே.

மேசை போடும் முறையை ரஸ்ஸல் கிட்டத்தட்டச் சமையல் குறிப்புபோலச் சொல்கிறார். முதலில் துணி, மொத்தம் 3. ஒன்று பலகைமேல் படிய, மற்ற இரண்டும் மேசையின் வெளி விளிம்பும் உள் விளிம்பும் மறையும்படி. மடிப்பு நேர்கோட்டில் ஓட வேண்டும். பிறகு பிரபுவின் வலக்கைப் பக்கம் உப்பு. உப்புக்கு இடப்புறம் ட்ரெஞ்சர், அதற்கு இடப்புறம் கத்தி. பக்கத்தில் வெள்ளை ரொட்டிகள். கைத்துணிமேல் கரண்டி. எல்லாம் வைத்தபின் மேலே துணி மூடி, பிரபு உட்காரும்வரை திறக்கக்கூடாது.

உப்பு நைசாக, வெள்ளையாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். குவித்த உப்பின் மேற்பரப்பைச் சமன்செய்ய யானைத் தந்தத்தில் 2 அங்குல அகலமும் 3 அங்குல நீளமும் உள்ள சிறு தகடு. கடைசியாக ஓர் எச்சரிக்கை: கிண்ணத்தின் மூடி உப்பைத் தொடக்கூடாது.

இந்தக் கடைசி வரியைச் சடங்கு என்று தள்ளிவிட வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு வெள்ளியில் பட்டால் சில்வர் குளோரைடு உண்டாகிச் சாம்பல் நிறக் கறை படியும், நாளாக நாளாகக் குழி விழும். வெள்ளியில் கலந்த செம்பு பச்சைக் களிம்பு கக்கும், அது உப்பிலும் ஒட்டும். உப்புக் கிண்ணத்தின் உட்புறத்துக்கு மட்டுமாவது தங்க முலாம் பூசுவது இதனால்தான். முலாம் தேய்ந்த இடத்தில் முதலில் கரும்புள்ளி வரும். உங்கள் வீட்டு வெள்ளி உப்புக் கிண்ணத்துக்கும் இதே கதிதான். கண்ணாடிக் குடுவை உள்ளே வைத்துப் போடுங்கள், சாப்பாடு முடிந்ததும் உப்பைக் கொட்டிவிடுங்கள்.

ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்றீர்களே, அப்படி ஒரு விலங்கே இல்லையே?
– பள்ளி மாணவர், யாழ்ப்பாணம்

விலங்கு இல்லை, கொம்பு இருந்தது. வடதுருவக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் பல் அது. ஆண் நார்வாலின் இடப்பக்கப் பல் ஒன்று முறுக்கிய கயிறுபோல நேராக நீண்டு 2 மீட்டருக்கு மேலும் வளரும். வடக்கிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தபோது கடலை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சுமந்து வந்தது. டென்மார்க் அறிஞர் ஓலெ வோர்ம் 1638-இல் இது திமிங்கிலப் பல் என்று மண்டையோட்டை வைத்து நிறுவினார்.

நஞ்சின் அருகே அந்தக் கொம்பு வியர்க்கும் என்றோ, நஞ்சை முறிக்கும் என்றோ நம்பினார்கள். முழுக் கொம்பு பூஃபேயின் மூலையில் நிற்கும். அறுத்த சிறு துண்டு ஒன்று நேஃப் கப்பலுக்குள் இருக்கும். பர்கண்டி அவையில் ரொட்டி அதிகாரி அதை எடுத்து உணவின்மேல் தொட்டுக் காட்டுவார். இதன் தம்பி 'பாம்பு நாக்கு'. கல்லாகிப்போன சுறாப் பற்களுக்கு அந்தப் பெயர். பவளக் கிளையிலோ வெள்ளி மரத்திலோ இலைபோலத் தொங்கவிட்டு மேசையில் வைப்பார்கள். மிகச் சிலவே தப்பியுள்ளன, வியன்னாவில் பார்க்கலாம்.

இவற்றோடு ஆள் வைத்துச் சுவை பார்ப்பதும் நடந்தது. கோப்பைக்காரர் மூடியைக் கவிழ்த்து அதில் கொஞ்சம் மது ஊற்றிக் குடித்துக் காட்டுவார். இந்தச் சோதனைக்கு இத்தாலியில் நம்பிக்கை என்ற பொருளில் க்ரெதென்ஸா என்று பெயர். அது நடந்த பக்கமேசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உடனே கொல்லாத நஞ்சை இந்த முறையால் பிடிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் நூறு பேர் பார்க்க ஒருவர் மூடியில் குடிப்பதே, இந்த மனிதரைக் கொல்லவும் ஆள் இருக்கிறார்கள், அவ்வளவு பெரியவர் என்று அறிவிப்பதுதானே.

வெள்ளிக்குத் தங்க முலாம் எப்படிப் பூசினார்கள்? அப்போது மின்முலாம் கிடையாதே.
– பொற்கொல்லர், கோயம்புத்தூர்

பாதரசம்தான். உங்கள் தாத்தா தலைமுறைக்குத் தெரிந்த முறை. தங்கத்தை மெல்லிய தகடாக்கித் துண்டு நறுக்கி, மூசையில் பழுக்கக் காய்ச்சி, சூடான பாதரசத்தில் போடுவார்கள். 1 பங்கு தங்கத்துக்கு 6 முதல் 8 பங்கு பாதரசம். கரைந்ததும் தண்ணீரில் கொட்டிக் கழுவி, மான்தோலில் கட்டிப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் தோல் வழியே வெளியேறும். உள்ளே நிற்பது வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கலவை. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துலக்கிய வெள்ளிமேல் அதைக் கம்பித் தூரிகையால் தடவி, கரியடுப்பில் வாட்டுவார்கள். பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதிப்பது. அந்தச் சூட்டை நெருங்கும்போது ஆவியாகிப் போய்விட, தங்கம் மட்டும் தங்கும். வாட்டும்போதே தூரிகையால் பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரிடத்தில் திரளும். இறங்கும்போது பளபளப்பே இருக்காது, மஞ்சள் மண் பூசினாற்போல மங்கலாக இருக்கும். அகேட் கல்லாலோ இரும்புச்சத்துள்ள ரத்தக்கல்லாலோ அழுத்தித் தேய்த்தால்தான் மெருகு வரும்.

கெடுவது மூன்று இடத்தில். கைரேகை பட்ட இடத்தில் கலவை ஒட்டாது, வெள்ளையாகப் பல்லைக் காட்டும். சூடு குறைந்தால் பாதரசம் உள்ளே நின்று நிறம் வெளிறும். சூடு கூடினால் தங்கம் வெள்ளிக்குள் இறங்கிவிடும், போட்ட தங்கம் கண்ணுக்குத் தெரியாது. நான்காவது கேடு பாத்திரத்துக்கல்ல, ஆளுக்கு: பாதரச ஆவியால் கை நடுக்கம், ஈறு அழுகல், புத்தித் தடுமாற்றம். தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம்.

மாற்று, அதாவது தங்கம் வெள்ளியின் தரக் கணக்கையும் கேட்டிருந்தீர்கள். பாரிஸ் பொற்கொல்லர்களின் தங்கம் 19.2 காரட், அதாவது 80 சதவீதம். உரைகல்லில் உரசிப் பார்க்கும் தரம் என்ற பொருளில் 'பாரிஸ் உரை' என்று ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றது. இங்கிலாந்தின் 1300-ஆம் ஆண்டுச் சட்டமும் தங்கத்துக்கு அதையே அளவாக வைத்தது. வெள்ளிக்கு 92.5 சதவீதம், தேறினால் சிறுத்தைத் தலை முத்திரை. 1363 முதல் செய்தவர் முத்திரை, 1478 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து. இன்றைய 925 வெள்ளி அதன் வாரிசுதான்.

முள்கரண்டி இருந்ததா?
– வாசகி, பினாங்கு

இருந்தது, சோற்றுக்கும் இறைச்சிக்கும் அல்ல. கையில் பிசுக்கு ஒட்டும் இனிப்புக்கும் பழத்துக்கும். இங்கிலாந்து அரசர் 2-ஆம் எட்வர்டின் நெருங்கிய நண்பர் பியர்ஸ் காவெஸ்டன் 1312-இல் கொல்லப்பட்டபின் எடுத்த சொத்துப் பட்டியலில் 3 வெள்ளி முள்கரண்டிகள் வருகின்றன, பேரிக்காய் சாப்பிடுவதற்கு என்ற குறிப்போடு. மற்றதெல்லாம் விரலால்தான். அதனால்தான் கை கழுவும் கூஜாவுக்கும் பன்னீருக்கும் அவ்வளவு ஆடம்பரம்.

தேங்காய் ஓட்டிலும் கோப்பை செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

உண்மை. நாம் அடுப்பில் போடும் கொட்டாங்கச்சி அங்கே அபூர்வப் பொருள். செதுக்கி, மெருகிட்டு, வெள்ளிப் பட்டை போட்டுக் கட்டி, கால் வைத்து நிறுத்துவார்கள். ஆக்ஸ்ஃபர்டு ஓரியல் கல்லூரியிலும் நியூ கல்லூரியிலும் 15-ஆம் நூற்றாண்டையும் அதை ஒட்டிய காலத்தையும் சேர்ந்தவை இன்னும் இருக்கின்றன. தீக்கோழி முட்டைக்கும் இதே ராஜமரியாதை. ஆனால் கோப்பைக்கு அடிப்படையில் நல்லது கொட்டாங்கச்சிதான். முட்டை ஓடு மேசையில் ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது.

மேசையிலேயே நீரூற்று இருந்ததாகப் படித்தேன். மோட்டார் இல்லாமல் எப்படி ஓடியது?
– பொறியியல் மாணவி, திருச்சி

முழுசாகத் தப்பிய கோதிக் கால மேசை நீரூற்று ஒன்றே ஒன்று, அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் கலை அருங்காட்சியகத்தில். பாரிசில் சுமார் 1320–1340-இல் செய்தது, உயரம் 31 செ.மீ. தங்க முலாம் பூசிய வெள்ளியில் கோட்டை வடிவம். கீழிருந்து நடுக்குழாய் வழியாக அழுத்தத்தோடு ஏறும் நீர் உச்சியில் வெளிவந்து, தட்டுத் தட்டாக இறங்கி, விலங்கு முகக் குழாய்கள் வழியே சிறு நீர்ச்சக்கரங்களில் விழும். சக்கரம் சுழலும், அதை ஒட்டிய குட்டி மணிகள் ஒலிக்கும். அடியில் நீர் தேங்கும் தொட்டி தொலைந்துவிட்டது. உயரத்தில் ஒரு நீர்த்தொட்டி இருந்தால் போதும், மோட்டார் வேண்டாம். தொல்லை தரும் இடம் குழாய் வாய்: அத்தனை நுண்ணிய துளையில் ஒரு தூசி அடைத்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் நின்றுவிடும்.

இவ்வளவு இருந்ததில் இன்று ஏன் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம்?
– வாசகர், சென்னை

உருக்கிவிட்டார்கள். திருடர்கள் அல்ல, சொந்தக்காரர்களே. நகைக்கடையில் பழைய நகையைப் போட்டால் செய்கூலியும் சேதாரமும் போய் எடை மட்டும் நிற்கிறதல்லவா, அதே கதை. அரண்மனைப் பட்டியல்களில் ஒவ்வொரு பாத்திரத்தோடும் அதன் எடை எழுதியிருக்கும், மார்க், அவுன்ஸ் கணக்கில். பாரிஸ் மார்க் 1 என்பது 8 அவுன்ஸ், சுமார் 245 கிராம். பட்டியலை எழுதுகிறபோதே உருக்கும் நாளும் கணக்கில் இருந்தது.

5-ஆம் சார்லசின் தம்பி, ஆஞ்சூ டியூக் லூயி, 1379–80-இல் தன் பாத்திரங்களைப் பட்டியலிட்டபோது 3,000-க்கு மேற்பட்ட உருப்படிகள் வந்தன. யாரும் அப்படி வர்ணித்து எழுதியதில்லை என்னும் அளவுக்கு ஒவ்வொன்றின் மனித உருவம், மிருகம், எனாமல் நிறம் வரை உண்டு. 1382-இல் நேப்பிள்ஸ் அரியணைக்காகப் படையெடுக்கப் பணம் தேவைப்பட்டது. எல்லாம் உலைக்குப் போயிற்று. 1384-இல் இத்தாலியிலேயே இறந்தும் போனார், அரியணையில் உட்காரவில்லை. இப்போது நம்மிடம் இருப்பது அந்தப் பட்டியல்தான்.

ப்ரூஜ் மாப்பிள்ளை சார்லசுக்கு வேறு விதம். போர்க்களத்துக்கும் மேசைச் சாமானைக் கொண்டு போகிறவர். 1476 மார்ச் 2 அன்று க்ராண்ட்ஸன் என்ற இடத்தில் சுவிஸ் படையிடம் தோற்று, கூடாரத்தை அப்படியே விட்டு ஓடினார். சில சுவிஸ் வீரர்கள் வெள்ளித் தட்டுகளை பியூட்டர் என்று நினைத்து அற்பச் சில்லறைக்கு விற்றதாக, அந்தக் கால அரசியலை உள்ளிருந்து பார்த்த ஃபிலிப் தெ கொமின் எழுதியிருக்கிறார். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் வெள்ளியும் தகரம்தான்.

தப்பியதில் தலையாயது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ராயல் கோல்டு கப். 1370–80-களில் செய்த கெட்டித் தங்கக் கோப்பை. உயரம் 23.6 செ.மீ., எடை 1.935 கிலோ. பெர்ரி டியூக் தன் அண்ணன் மகன் 6-ஆம் சார்லசுக்குக் கொடுத்தது, 1391-ஆம் ஆண்டுப் பட்டியலில் வருகிறது. புனித ஆக்னஸின் கதை எனாமலில் ஓடுகிறது. தங்கத்தை ஆழமும் மேடுமாகச் செதுக்கி, மேலே ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பொடியை ஈரமாக நிரப்பி, சுட்டு, உரசி, மறுபடி நிரப்பிச் சுடும் வேலை. செதுக்கல் ஆழமான இடத்தில் நிறம் இருளும், மேடான இடத்தில் வெளிறும். உடையின் மடிப்பு அப்படித்தான் தெரிகிறது. அந்தச் சிவப்பைக் கவனியுங்கள். இதுபோன்ற தெளிந்த சிவப்பு தங்கத்தின்மேல்தான் நிற்கும், வெள்ளியோடு சேர்ந்தால் நிறம் கெட்டுப் பழுப்பாகும்.

பிறகு அது இங்கிலாந்துக்குப் போனது. 1604-இல் அரசர் ஜேம்ஸ் சமாதானப் பேச்சுக்கு வந்த ஸ்பெயின் தூதருக்குப் பரிசளித்தார். அவர் 1610-இல் ஒரு கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். மடத்தில் இருந்த 270-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் உலைக்குப் போகாமல் இருந்ததால்தான் இன்று இருக்கிறது. மடம் விற்று, கைமாறி, 1892-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் கோப்பையின் கிண்ணத்தோடு நின்றுவிடாமல் தண்டுப் பகுதியைப் பாருங்கள். நடுவில் டியூடர் (இங்கிலாந்து அரச குலம்) ரோஜாச் சின்னப் பட்டை ஒன்று பிற்காலத்தில் செருகியது. அதனால் கோப்பை தேவைக்கு மேல் உயரமாக, கொஞ்சம் கழுத்து நீண்டாற்போல நிற்கிறது. மூடியின் உச்சிக் குமிழும், முதலில் இருந்த முக்காலியும் இல்லை. குமிழ் இருந்த இடத்தில் வெறும் தடம் மட்டும்.